சொல் விளக்கம்: பம்பாசன், பணிக்கொடை, படி

மலேசியாவின் பஹாவ் வட்டாரத்தில் ரப்பர் தோட்டத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் 'பம்பாசன்' என்றால் என்னவென்று தெரியும். தோட்டம் கைமாறி, ஆட்குறைப்பு வந்து, கணக்கு முடித்து அனுப்பியபோது கையில் கொடுத்த பணம் அது. கொஞ்ச காலமாக அதே சொல்லை மந்திரிகளுக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். "இங்கிலாந்துல ரெண்டு நாள் மந்திரியா இருந்தவங்களுக்குப் பதினாறாயிரம் பவுன் பம்பாசனாம்" என்று ஒட்டுக்கடையில் பேச்சு அடிபடுகிறது. செய்திகளிலும் இழப்பீடு, நட்டஈடு, ஓய்வூதியம் என்று மாறி மாறி வருகிறது. பதவியை விட்டுப் போகும் மந்திரி வாங்கும் தொகைக்கு இவை எதுவுமே சரியான பெயர் ஆகாது. ஏன் என்று பார்ப்போம்.

பம்பாசன் மலாய்ச் சொல். அதன் வேர் 'பம்பாஸ்'. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் அடாட் பெர்பாத்தே என்னும் பழைய வழக்காற்று மரபில் 'செஞ்சாங் பம்பாஸ், பூனோ பாலாஸ்' என்று ஒரு வழக்குமொழி உண்டு. ஒருவனை வெட்டிக் காயப்படுத்தியவன் பம்பாஸ் கொடுக்க வேண்டும், கொன்றவன் அதற்கு ஈடான தண்டனையை ஏற்க வேண்டும் என்பது அதன் பொருள். பஹாவ் இருக்கும் ஜெம்போலும் அந்த அடாட் நிலம்தான். ஆக, பம்பாசன் என்ற சொல்லுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள்: பாதிக்கப்பட்டவர் ஒருவர், அந்தப் பாதிப்புக்குப் பொறுப்பானவர் ஒருவர். பின்னவர் முன்னவருக்குக் கொடுப்பது பம்பாசன்.

இதற்குத் தமிழில் நேரான சொல் 'ஈடு'. இடு என்ற வினையின் முதலெழுத்து நீண்டு ஈடு ஆனது. கெடு கேடு ஆனதும், சுடு சூடு ஆனதும், பெறு பேறு ஆனதும் இதே வழியில்தான். இலக்கணத்தில் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள். போனதற்குச் சமமாக இன்னொன்றை இட்டு நிரப்புவது ஈடு. 'ஈடு இணை இல்லை' என்று சொல்லும்போதும் அந்தச் சமம் என்ற பொருள்தான் நிற்கிறது. நட்டஈடு என்பதில் உள்ள நட்டம் வடமொழியின் 'நஷ்ட'. அதைத் தமிழாக்கி இழப்பீடு என்றார்கள். இரண்டும் ஒரே பொருள்தான், விருப்பம்போல் எழுதலாம். ஆனால் இரண்டிலும் இழப்பு ஒன்று முன்னால் நிற்க வேண்டும். அது இல்லாத இடத்தில் ஈட்டுக்கு வேலை இல்லை.

தோட்டத் தொழிலாளிக்கு இழப்பு உண்டா? வேலை போகிறது. வேலையோடு தோட்டத்து வீடும் போகிறது. பிள்ளைகள் நடந்துபோய்ப் படித்த தமிழ்ப்பள்ளி தூரமாகிவிடுகிறது. அதனால்தான் சட்டமே குறைந்தபட்ச அளவு ஒன்றை வைத்திருக்கிறது. 1980ஆம் ஆண்டு வந்த வேலைச் சட்ட விதிமுறைகளின்படி, ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு ஆண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். கடைசிப் பன்னிரண்டு மாதச் சம்பளத்திலிருந்து ஒரு நாள் சராசரியை எடுத்துப் பெருக்குவார்கள். 27 ஆண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டிய ஒருவருக்கு 540 நாள் சம்பளம். நாள் சராசரி 38 ரிங்கிட் 50 காசு என்று வைத்துக்கொண்டால் 20,790 ரிங்கிட். வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். கணக்கு விவரத்தையும் எழுத்தில் தர வேண்டும்.

அந்தக் கடிதம் எங்கள் ஊரில் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அடையாள அட்டை நகல், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், ஈ.பி.எப். (ஊழியர் சேமநிதி) அறிக்கை எல்லாவற்றோடும் ஒரே பிளாஸ்டிக் உறையில். மேலே 'ஃபாஎடா பெனாமாத்தான்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, நடுவில் சேர்ந்த தேதியும் நின்ற தேதியும், கீழே பெருவிரல் ரேகை. ஃபாஎடா என்றால் பயன், நன்மை. சட்டத்தின் மலாய் வாசகம் இந்தப் பணத்தை ஒரு 'நன்மை' என்கிறது. வாங்கியவர்களோ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, பம்பாசன் என்றே சொன்னார்கள். சட்டம் எழுதியவர்களைவிட அவர்கள்தான் பொருளைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள் என்பேன்.

அப்படி ஒரு கடிதத்தை வைத்திருக்கும் அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏன்ப்பா, நானா லெட்டர் கொடுத்து நின்னா ஒரு காசு கெடைக்காதுன்னு அப்பவே கிராணி சொன்னாரு. மந்திரி தானா நின்னா மட்டும் எப்படிக் கெடைக்குது?"

தோட்டத்து எழுத்தரான கிராணி சொன்னது சரி. தொழிலாளி தானாக விலகினால், அல்லது முறையான விசாரணைக்குப் பின் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டால், இந்த விதிமுறைப்படி அவருக்கு எதுவும் கிடையாது. முதலாளியால் வேலை போனால்தான் உண்டு. பம்பாஸ் என்ற சொல்லின் பழைய நியாயம் அப்படியே இதில் இருக்கிறது.

இனி மந்திரியின் கதைக்கு வருவோம். இங்கிலாந்தில் 1991இல் ஒரு சட்டம் வந்தது. 65 வயது ஆகாத அமைச்சர் ஒருவர் பதவியிலிருந்து போனால், மூன்று வாரத்துக்குள் வேறு அமைச்சர் பதவி கிடைக்காவிட்டால், ஆண்டுச் சம்பளத்தில் கால் பங்கு அவருக்கு உண்டு. எத்தனை நாள் இருந்தார் என்று சட்டம் கேட்கவில்லை. பிரதமர் அனுப்பினாரா, தானாகப் போனாரா என்றும் கேட்கவில்லை. பல ஆண்டு இது யார் கண்ணிலும் பெரிதாகப் படாமல் இருந்தது. 2022இல் ஒரே ஆண்டுக்குள் மூன்று பிரதமர்கள் மாறினார்கள், அமைச்சர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அந்த ஜூலையில் மிஷெல் டோனலன் கல்வி அமைச்சராகி இரண்டு நாள் முழுதாக ஆகும் முன்பே விலகினார். அவருக்கு உரிய தொகை 16,876 பவுன். அதைத் தாம் வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று அவரே அறிவித்தார். ஒட்டுக்கடைப் பேச்சில் வரும் பதினாறாயிரம் இதுதான். அதற்கு முன் அவர் இரண்டாண்டுக்கு மேல் கீழ்நிலை அமைச்சராக இருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். மக்கள் விடாமல் கேட்டதில் பலன் இல்லாமல் போகவில்லை. 2025இல் அந்நாட்டு அமைச்சர் நடத்தை நெறி திருத்தப்பட்டது. ஆறு மாதம்கூட இருக்காமல் போகிறவரும், நெறியைக் கடுமையாக மீறிப் போகிறவரும் அந்தத் தொகையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

அக்கா கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. மந்திரி பதவி யாருக்கும் நிரந்தரம் இல்லை. பிரதமர் விரும்பும்வரை, மக்கள் வாக்களிக்கும்வரை இருப்பது. தெரிந்தே ஏற்றுக்கொண்டது முடிந்தால் அதில் ஈடு செய்ய வேண்டிய இழப்பு எது? மந்திரியைக் காயப்படுத்தியவர் யார்? வரி கட்டிய மக்கள் இல்லை. அதனால் அது ஈடும் இல்லை, பம்பாசனும் இல்லை. பொதுப் பணத்திலிருந்து சட்டம் வழியாக எடுத்துக் கொடுப்பது. தமிழில் கொடுத்தது கொடை. தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கு ஓய்வின்போது தரும் தொகையைப் பணிக்கொடை என்பது நெடுநாள் வழக்கம். அந்த வழியில் இதைப் 'பதவிக்கொடை' என்றே எழுதலாம் என்பது என் கருத்து. கேட்பவர் உடனே 'கொடுத்தது யார், யார் பணம்?' என்று கேட்பார். கேட்கட்டும், அதற்குத்தான் சொல்.

கருணைத்தொகை என்று எழுதுவோரும் உண்டு. அது சட்டக் கட்டாயம் இல்லாமல் மனமிரங்கித் தருவது. இங்கே பொருந்தாது.

நம் நாட்டில் மலாயில் 'கஞ்சாரான்' என்கிறார்கள். வெகுமதி, பணிக்கொடை இரண்டுக்கும் அந்த ஒரு சொல்தான். நாடாளுமன்ற உறுப்பினராக 36 மாதத்துக்குக் குறையாமல் இருந்தவருக்கு 50 வயது ஆனதும் ஓய்வூதியம் உண்டு. அமைச்சராகவும் இருந்தவருக்கு அதற்கென்று தனியாக. சட்டமன்ற உறுப்பினர் பதவிக்கு அந்தந்த மாநிலச் சட்டப்படி வேறு. இப்படி ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட பென்சென் வாங்கலாம், அதுதான் இங்கே பெரிய விவாதம். பால் வெட்டியவருக்கு பென்சென் கிடையாது. 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியில் தன் சம்பளத்திலிருந்து பிடித்ததும் முதலாளி போட்டதும்தான் அவருக்கு. 2018 மே மாதம் அமைச்சர்களின் அடிப்படைச் சம்பளம் 10 விழுக்காடு குறைக்கப்பட்டது, 2022 டிசம்பரில் 20 விழுக்காடு குறைப்பு அறிவிக்கப்பட்டது, பிரதமர் அன்வார் இப்ராஹிம் சம்பளமே வேண்டாம் என்றார். நல்லதுதான். ஆனால் சம்பளம் வேறு, கொடை வேறு, படி வேறு. ஒன்றைக் குறைத்தார்கள் என்பதால் மற்றதைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியாது.

அடுத்த சொல் 'படி'. இது நம் சொற்களிலேயே அழகான ஒன்று. அரிசி அளக்கும் படிதான் இது. வேலைக்காரருக்கும் காவலாளிக்கும் நாளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த அரிசி, பிறகு காசானது. கோயில்களில் நாள்தோறும் அளந்து தருவதைப் படித்தரம் என்பார்கள். அந்த வழியில்தான் பயணப்படி, அகவிலைப்படி எல்லாம் வந்தன. தமிழ்நாட்டில் டிரைவருக்குத் தரும் 'பேட்டா'வுக்கும் மூலம் சோறுதான்: கன்னடத்தில் நெல்லைக் குறிக்கும் 'பத்த' என்ற சொல் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் வழியாக உருமாறி வந்தது என்பார்கள். படி என்றாலே அளவு இருக்கிறது. அளவில்லாமல் கொடுத்தால் அது படி ஆகாது. மலேசியாவில் நாம் 'அலவன்ஸ்' என்றும் 'கிளேம்' என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டும் வேறு. போகும் முன்பே இவ்வளவு என்று வரையறுத்துக் கொடுப்பது படி. போய்வந்து ரசீது காட்டி வாங்குவது கிளேம், தமிழில் செலவுக் கோரிக்கை. போகாத பயணத்துக்குக் கோரிக்கை எழுதினால் அது 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் குற்றம்.

செலவு என்ற சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பழந்தமிழில் செலவு என்றால் பயணம். செல் என்பதிலிருந்து வந்தது. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் தலைவியை நினைத்துத் தயங்கி நிற்பதைச் செலவழுங்குதல் என்பது அகத்துறை. பின்னால் கையிலிருந்து 'செல்வது' பணம் என்றாகி இன்றைய பொருள் வந்தது.

பயணச் செலவில் மக்கள் கோபப்படுவது பெரும்பாலும் பெரிய தொகையைக் கண்டு இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒரு சின்னத் தொகையைக் கண்டுதான். கனடாவின் அனைத்துலக ஒத்துழைப்பு அமைச்சர் பெவ் ஓடா 2011இல் லண்டன் போனார், ஏழைக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது பற்றிய மாநாட்டுக்கு. ஏற்பாடு செய்திருந்த விடுதியை விட்டு சவோய் விடுதிக்கு மாறினார். அங்கே குடித்த ஒரு ஆரஞ்சுச் சாற்றின் விலை 16 டாலர். அடுத்த ஆண்டு அது வெளியே வந்தது. மன்னிப்புக் கேட்டார், பணத்தைத் திருப்பிக் கட்டினார், அந்த ஜூலையில் பதவியையும் விட்டார். ஆஸ்திரேலியாவில் சபாநாயகர் பிரான்வின் பிஷப் மெல்பர்னிலிருந்து ஜீலாங்குக்குக் கட்சி நிதி திரட்டும் விருந்துக்காக ஹெலிகாப்டரில் போன செலவு 5,227 டாலர். காரில் ஒரு மணி நேரச் சொச்சத் தூரம். 2015 ஆகஸ்டில் அவரும் விலகினார். அவர் விலகியதோடு விடவில்லை, நாடாளுமன்ற உறுப்பினர் செலவுகளைப் பார்க்க 2017இல் தனி ஆணையமே அமைத்தார்கள். ஒருவரைத் துரத்துவதைவிட இது பெரிய காரியம்.

இப்படிப் பார்ப்பதற்குத் தமிழ்ச் சொல் 'கண்காணிப்பு'. தோட்டத்துக் கங்காணியும் அதே சொல்தான், கண் காணி என்பதன் பேச்சு வடிவம். அந்தக் கங்காணி கீழே இருப்பவரைப் பார்த்தார். பொதுக் கண்காணிப்பு மேலே இருப்பவரைப் பார்ப்பது. நம் நாட்டில் அதற்கு வழிகள் இருக்கின்றன. கூட்டரசு அரசியலமைப்பின் 107ஆம் பிரிவுப்படி தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை மாமன்னரிடம் போய், மக்களவையில் வைக்கப்பட வேண்டும். பொதுக் கணக்குக் குழு அதை வைத்து அதிகாரிகளை அழைத்துக் கேட்கலாம். தகவல் பெறும் உரிமைக்கு பினாங்கும் சிலாங்கூரும் மாநிலச் சட்டம் இயற்றின. நாடாளுமன்ற உறுப்பினர் எழுத்தில் கேள்வி கொடுத்தால் அமைச்சு பதில் தந்தாக வேண்டும், அந்தப் பதில்களை யாரும் படிக்கலாம்.

அதனால் நம் ஒய்.பி.யிடம், அதாவது நம் தொகுதி உறுப்பினரிடம், கேள்வி எழுதிக் கொடுக்கும் தம்பி தங்கைகள் சொல்லைக் கவனமாகப் போட வேண்டும். 'மந்திரிக்குப் பம்பாசன் எவ்வளவு?' என்று கேட்டால் 'அப்படி எதுவும் வழங்கப்படவில்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், அது பொய்யும் ஆகாது. கஞ்சாரான் எவ்வளவு, எந்தச் சட்டத்தின் கீழ், ஒருவருக்கு எத்தனை பென்சென் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பயணம் என்றால் எந்த ஊர், எத்தனை நாள், உடன் போனவர் எத்தனை பேர், விமானச் சீட்டு எந்த வகுப்பு, நாள்படி எவ்வளவு, ரசீது காட்டிக் கோரியது எவ்வளவு என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள்.