எகெர் நிலவறைகளுக்குக் கோடை எப்போது வருகிறது?

ஹங்கேரியின் எகெர் நகருக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜூலை வெயிலில் மலைக்கோட்டையைச் சுற்றிவிட்டு ஒயின் நிலவறைக்குள் இறங்கினோம். ஏசி கிடையாது, ஆனாலும் குளிர்ந்தது. குளிர்காலத்திலும் இதே வெப்பநிலைதானாம். எப்படி?"

அந்தக் கோட்டைக்குப் புகழ் தந்தது 1552. தோபோ இஷ்த்வான் தலைமையில் சுமார் 2,000 பேர், பல மடங்கு பெரிய ஒட்டோமான் படையை ஒரு மாதத்துக்கு மேல் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். வீரர்கள் குடித்த சிவப்பு ஒயினைக் காளை ரத்தம் என்று நினைத்து எதிரிகள் மிரண்டதாகவும் ஒரு கதை உண்டு. ஆனால் சிவப்பு ஒயின் அங்கே பரவியதே பின்னாளில், தெற்கிலிருந்து குடிபெயர்ந்த செர்பியர்களால்தான் என்பது வரலாற்றாய்வாளர் பலரின் கருத்து. என்னைக் கேட்டால், அந்தக் கதையைவிட நிலவறையின் இயற்பியல் பல மடங்கு சுவையானது. சுற்றுலா வழிகாட்டிகள் இதையும் சொல்ல வேண்டும்.

ஊருக்கு அடியில் இருப்பது ரயோலைட் டஃப், அதாவது ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன் எரிமலைச் சாம்பல் படிந்து இறுகிய கல். உளியால் குடையலாம், குடைந்தபின் இடியாமல் நிற்கும். பன் ரொட்டியைப் போல உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்திருப்பதால் வெப்பம் அதில் மெதுவாகத்தான் நகரும்.

இனிதான் அழகே. மேற்பரப்பில் கோடையும் குளிரும் மாறி மாறி வருவதால், வெப்பம் அலையாகக் கீழே இறங்குகிறது. இறங்க இறங்க இரண்டு நடக்கும்: அலை தேயும், தாமதமும் ஆகும். பகல், இரவு அலை வேகமாக மாறுவதால் சில சாண் ஆழத்திலேயே அடங்கிவிடும். ஆண்டு அலைதான் ஆழம் போகும். இத்தகைய கல்லில் ஒவ்வொரு 2 மீட்டருக்கும் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. மேலே சராசரியிலிருந்து 11 டிகிரி கூடிக் குறைந்தால், 7 மீட்டர் ஆழத்தில் அரை டிகிரிகூட மிஞ்சாது. தாமதமோ ஆறு மாதம்! ஜூலை வெப்பம் அங்கே போய்ச் சேரும்போது வெளியே ஜனவரி. ஆக, மேலே பனி உறையும் நாட்களில்தான் அந்தக் கல்லுக்குக் கோடை. இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

சரி, ஒயினுக்கு என்ன லாபம்? 10 முதல் 15 டிகிரிக்குள் நிலையாக இருந்தால் அது நிதானமாக முதிரும். 2 மீட்டர் ஆழம் இதற்குப் போதாது, அங்கே இன்னும் 4 டிகிரி ஏறி இறங்கும். ஊரை ஒட்டிய சேப்பசொன்வொல்ட் பள்ளத்தாக்கில் நிலவறைகளைச் சரிவில் பக்கவாட்டாகக் குடைந்திருப்பது இதற்குத் தோதானது. ஏணி வேண்டாம், கிணறு போல் தோண்டவும் வேண்டாம். வாசலிலிருந்து உள்ளே நடந்தாலே தலைக்கு மேல் தேவையான கல் சேர்ந்துவிடும்.