உலகு புனைதல்

கொழும்பில் மிகுபுனைவு, அதாவது 'ஃபான்டசி' பற்றி யார் பேச எழுந்தாலும் சற்று நேரத்தில் 'உலகக் கட்டமைப்பு' வந்துவிடுகிறது. 'வேர்ல்ட் பில்டிங்' என்பதற்குத் தமிழாம். வேர்ல்ட் உலகம், பில்டிங் கட்டுவது, அகராதியை மூடியாயிற்று. கதைக்கென்று நிலம், காலம், மக்கள், மொழி, தெய்வம் என்று எல்லாவற்றையும் எழுத்தாளர் புதிதாக உண்டாக்குவதே பொருள்.

'கட்டமைப்பு' இந்த ஊரில் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிற சொல். உட்கட்டமைப்பு என்றால் வீதி, பாலம், வடிகான். 'கட்டியெழுப்புதல்' என்று மாற்றுகிறவர்களும் உண்டு. அது தேர்தல் மேடைக்குரியது. 'உலகாக்கம்' என்றால் உலகமயமாக்கலுக்குத் தம்பி மாதிரி இருக்கிறது.

சரி, காது பழகிவிடும் என்று விடலாம். பொருளும் அல்லவா பிழைக்கிறது! கட்டமைப்பு என்றதும் அத்திவாரமும் அளவும் நினைவுக்கு வரும். 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனுக்கு அது ஓரளவு பொருந்தும். மொழிகளை ஆக்கிவிட்டு அவற்றைப் பேச ஆட்களையும் வரலாற்றையும் தேடியவர். கதையில் நிலா தேய்வதும் வளர்வதும்கூட நாட்கணக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்று மெனக்கெட்டவர். அவருடைய நண்பர், நார்னியா கதைகள் எழுதிய லூயிஸை என்ன செய்வது? 1950இல் வந்த முதல் நார்னியா நூலில் ஆட்டுக்கால் மனிதன் ஒருவன் குடையும் பார்சல்களுமாகப் பனிக்குள் நடந்து வருகிறான். பின்னால் நத்தார் தாத்தா வேறு வந்து பரிசு கொடுக்கிறார். கிரேக்கமும் கிறிஸ்தவமும் ஒரே சட்டியில். கட்டமைப்பு என்று அளந்தால் இது தேறாது, டோல்கீனுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் காட்டு நடுவே எரிகிற அந்த விளக்குக் கம்பத்தை வாசித்தவர் மறப்பாரா? அவர்களுக்கு முன்னோடியான டன்சேனி பிரபு 1905இல் 'பெகானாவின் தெய்வங்கள்' என்ற நூலை எழுதியது விவிலியத் தொனி கொண்ட வசனங்களில். அங்கே நடைதான் உலகம்.

இந்த மூவரையும் தாங்குகிற சொல் புனைதல். மாலை புனைகிறோம், கவி புனைகிறோம், வேடமும் புனைகிறோம். தொடுப்பதும் அழகு செய்வதும் இல்லாததை உண்டாக்குவதும் அதற்குள் அடக்கம். செயலுக்கு 'உலகு புனைதல்', விளைவுக்குப் 'புனைவுலகு'. முதற்பொருள், கருப்பொருள் என்று நிலம், பொழுது, தெய்வம், உணவு, மரம், பறவை, பறை வரைக்கும் தொல்காப்பியர் வகுத்து வைத்திருக்கிறார். நாம் கட்டடத் திணைக்களத்தில் சொல் கடன் வாங்குகிறோம். டோல்கீன் 1939இல் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழக உரையில், கடவுளின் படைப்பை ஒட்டி மனிதன் செய்யும் படைப்பு என்று ஒன்றைச் சொன்னார், 'சப்-கிரியேஷன்' என்று. அதைத் 'துணைப்படைப்பு' என்றால் பிரதி அமைச்சர் ஞாபகம் வருகிறது. முதனூல், வழிநூல் என்று படித்த நமக்கு 'வழிப்படைப்பு' உடனே விளங்காதா?

மொழிபெயர்ப்பாளர்களுக்கென்றே டோல்கீன் பெயர்க்குறிப்பும் எழுதி வைத்தார்: ஆங்கிலத்தில் பொருள் விளங்கும் பெயரை அவரவர் மொழியில் பொருள்பட மாற்றுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள் என்று. நம்மவர்கள் அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விளங்கும் பெயரை ஆங்கிலமாகவே விட்டுவிட்டு, டோல்கீன் கதைகளில் மனிதரைப் போலவே இருக்கும் எல்ஃப் இனத்தைத் 'தேவதை' ஆக்குகிறார்கள். வில்லோடு நிற்கிற ஆண் தேவதைக்குச் சிறகு எங்கே என்று பிள்ளைகள் கேட்கத்தானே செய்யும்.