இண்டெக்சிங்: அட்டவணையா, அடைவாக்கமா?

கோப்புகளைச் சட்டென்று தேடித் தருவதற்காகக் கணினியில் 'இண்டெக்சிங்' ஓடுகிறது என்றால், கோப்புப் பெயர்களைப் பட்டியல் போடுகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். 'அட்டவணைப்படுத்தல்' என்ற தமிழாக்கமும் அந்த எண்ணத்துக்குத் துணைபோகிறது.

இலத்தீனில் 'இண்டெக்ஸ்' என்றால் சுட்டிக்காட்டுவது, சுட்டுவிரல். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று நூலின் கடைசியில் காட்டும் பகுதிக்கும் அப்பெயர் வந்தது. 'சுட்டி'யை மவுசுக்குக் கொடுத்துவிட்டோம். விலைவாசிக்குக் 'குறியீட்டெண்' போய்விட்டது. மிச்சம் இருப்பது, சங்க இலக்கியத்துக்குத் தொகுத்த 'சொல்லடைவு'. கணினி செய்வதும் அதேதான். கோப்பைத் திறந்து, உள்ளிருக்கும் சொற்களைப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தெந்தக் கோப்பில் வருகிறது என்று குறித்துக்கொள்கிறது. ஆகவே இண்டெக்ஸ் அடைவு, இண்டெக்சிங் அடைவாக்கம், அதைச் செய்யும் நிரல் அடைவாக்கி.

அடைவு ஒரு தனிக் கோப்பு. விண்டோஸ் 10இல் அதன் பெயர் 'விண்டோஸ்.இடிபி', சி டிரைவின் 'புரோகிராம்டேட்டா'வுக்குள் கிடக்கும். மூலக் கோப்பை அழித்த பிறகும் அதன் சுவடு இதில் தங்கக்கூடும். தடயவியல்காரர்கள் இதைத் தேடிப் போவது அதனால்தான். கணினிக்குள் இருப்பதைத் தேடித் தந்த 'கூகுள் டெஸ்க்டாப்' மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே போனது. 2006இல் வந்த 3ஆம் பதிப்பில், பல கணினிகளில் தேடும் வசதியை இயக்கினால் ஆவணங்களின் உரை கூகுள் சர்வருக்கே ஏறியது. பயன்படுத்தாதீர்கள் என்று இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் எச்சரித்தது. 2011இல் மென்பொருளையே நிறுத்திவிட்டார்கள்.

விண்டோஸில் கண்ட்ரோல் பேனல் போய் 'இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ்' திறந்து, 'மாடிஃபை'யில் வங்கி, மருத்துவக் கோப்புறைகளின் டிக்கை எடுங்கள். 'அட்வான்ஸ்டு' பகுதியில் மறையாக்கிய (என்கிரிப்ட் செய்த) கோப்புகளுக்கான கட்டத்தில் டிக் வேண்டாம். போட்டால் பூட்டிய கோப்பின் சொற்கள் அடைவில் ஏறிவிடும். பிறகு அங்கேயே 'ரீபில்ட்' கொடுங்கள். கோப்புகள் நிறைய இருந்தால் மணிக்கணக்கில் ஓடும், அதுவரை தேடலில் எல்லாம் அகப்படாது. மடிக்கணினியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

தமிழில் தேடுவோருக்கு வேறு தொல்லை. 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்', 'வீட்டுக்கு' சிக்காது. 'வீட்ட' வரை தட்டினால், சொல்லின் முன்பகுதியை வைத்தே தேடும் அடைவாக்கிகளில் இரண்டும் வரும். ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் போட்டுக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகள் அதற்கும் மசியாது. அதில் 'அம்மா' என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அரைப்புள்ளியைக் கண்டதும் அடைவாக்கி அதை இரண்டு ஆங்கிலச் சொல்லாக வெட்டிவிடும். யூனிகோடுக்கு மாற்றிச் சேமித்தால்தான் அடைவில் அம்மா ஏறுவாள்.