கணிதத்தையும் இயற்பியலையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள்

ஆய்வு வெளியீடுகளைக் கணக்கிடும் நூலகப் பணியில் இருக்கும் என் மேசைக்கு, கணிதமும் இயற்பியலும் ஒருங்கே நடக்கும் ஒரு நிறுவனத்தைப் பற்றி, அதன் கட்டுரைகளைப் பிற கட்டுரைகள் சுட்டிய மேற்கோள்களைக் கூட்டிக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து, கணிதத் துறை பின்தங்கியிருப்பதாகத் தீர்ப்பளித்த இன்னோர் அறிக்கை வந்திருக்கிறது. இத்தகைய அறிக்கைகளைத் திருப்பி அனுப்பி அலுத்துவிட்டது.

மேற்கோள்களின் எண்ணிக்கை தரத்தின் அளவு அன்று. கணிதக் கட்டுரைகள் குறைவாகவே மேற்கோள் காட்டுகின்றன. ஒரு தேற்றம் பிறருக்குப் பயன்படவே பத்தாண்டுகள் ஆகலாம். இதழ்களை மேற்கோள்களால் மதிப்பிடும் தாக்கக் காரணியோ முந்தைய இரண்டே ஆண்டுகளின் கட்டுரைகளைப் பார்க்கிறது. ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் 2015இல் வெளியிட்ட கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர்; 33 பக்கங்களில் 24 பக்கங்கள் அவர்களுடைய பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே போயின. அத்தகைய குழுவில் ஒரே ஒருவர் இருந்தாலும், முழு எண்ணிக்கை முறையில் அத்தனை மேற்கோள்களும் அவருடைய நிறுவனத்தின் கணக்கில் ஏறிவிடும். அந்தத் தொகையைத் தனியாக அமர்ந்து எழுதும் எண்கோட்பாட்டாளரின் கணக்கோடு ஒப்பிடுவது எப்படி நியாயமாகும்? கணிதத்தில் ஆசிரியர் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில் வருவதால், ‘முதல் ஆசிரியர்’ என்று மதிப்பெண் போடுவதும் பொருளற்றது.

இது புதிய எச்சரிக்கையும் அன்று. பன்னாட்டுக் கணித ஒன்றியமும் வேறு இரு அமைப்புகளும் மேற்கோள் கணக்கை மட்டும் நம்பக்கூடாது என 2008இலேயே அறிக்கை வெளியிட்டன. சிறிய துறையில் சிறிதளவு முறைகேடும் கணக்கைத் திரித்துவிடும் என்பதால், மேற்கோள் தரவுத்தளம் நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் 2023இல் தன் அதிக மேற்கோள் பெற்றோர் பட்டியலிலிருந்து கணிதப் பிரிவையே விலக்கியது.

தரவும் தானாகத் தூய்மையாக வருவதில்லை. அல்லாடி இராமகிருஷ்ணன் 1962இல் தொடங்கிய, தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தையே தேடிப் பாருங்கள். மேட்சயின்ஸ், ஐஎம்எஸ்சி என இரு சுருக்கப் பெயர்கள். பழைய கட்டுரைகளில் மெட்ராஸ், புதியவற்றில் சென்னை. பிற்கால முகவரிகளில், அது இணைந்துள்ள ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் பெயரும் சேர்ந்திருக்கும். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் இதே பெயரில் ஒரு நிறுவனம் உண்டு. பெயருக்கு முன்னே வரும் தந்தை பெயரின் தலைப்பெழுத்து, தரவுத்தளத்தில் ஒருவரையே இருவராக்கிவிடுகிறது. இருவரை ஒருவராக்குவதும் உண்டு.

ஆகவே, அறிக்கை எழுதுவோர் துறைவாரியாகப் பிரித்துக் கணக்கிடுங்கள். பெருங்குழுக் கட்டுரைகளுக்கு, மேற்கோள்களை ஆசிரியர்களிடையே பங்கிடும் பின்ன எண்ணிக்கையைக் கையாளுங்கள். கணிதத்துக்கு மேத்சைநெட் என்ற கணிதக் கட்டுரைத் தரவுத்தளத்தையும் பாருங்கள். பத்தாண்டுக்குக் குறைந்த காலத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: முகவரியை எப்போதும் ஒரே வடிவில் எழுதுங்கள், ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனியாகத் தரப்படும் ஆர்கிட் அடையாள எண்ணை இன்றே பெற்று, அடுத்த கட்டுரையை அனுப்பும்போது தவறாமல் சேர்த்துவிடுங்கள்.