பச்சையாக இருப்பதெல்லாம் சீமைக் கருவேலம் இல்லை

போன மாதம் ஒரு ஒப்பந்ததாரர் வாட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பினார். சீமைக் கருவேலத்தை அகற்றும் வேலைக்காக நான் ட்ரோனில் எடுத்துக் கொடுத்த படம்தான். ராமநாதபுரம் பக்கம் ஒரு கண்மாய். அதன் மேல் யாரோ சிவப்பில் பெரிய வட்டம் போட்டு 'ஃபுல் கிளியர்' என்று எழுதியிருந்தார்கள். வட்டத்தின் ஒரு மூலையில், மடைக்குப் பக்கத்தில், முப்பது நாற்பது நாட்டுக் கருவை நின்றது. அது நம்மூர் மரம், வெட்ட வேண்டியதே இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஜேசிபி வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தது.

"படத்துல பச்சையாத்தானே சார் இருந்துச்சு?" என்றார் ஒப்பந்ததாரர்.

இந்தக் கேள்வி என் காதில் விழுவது இது மூன்றாவது முறை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பதிவு செய்யும் மல்ட்டிஸ்பெக்ட்ரல் கேமராவை ட்ரோனில் மாட்டி, பசுமையை அளக்கும் என்டிவிஐ வரைபடம் எடுத்தால் அதில் சீமைக் கருவேலம் தானாகத் தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தெரியாது. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் என்டிவிஐ ஓர் எண்ணாக்கித் தருகிறது. செடி எவ்வளவு தெம்பாக, எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதற்கு அது ஒரு குறிப்பு, அவ்வளவுதான். செடியின் பெயர் அதற்குத் தெரியாது. தெம்பான வேம்பும் தெம்பான சீமைக் கருவேலமும் அதில் ஒரே நிறம். கார்த்திகை மாதம் எடுத்தால் நெல்லும் கோரையும்கூட அதே நிறம்தான். வண்ண வண்ணமாக இருப்பதால் ஸ்கேன் ரிப்போர்ட் மாதிரி கையில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அதனால் நான் சித்திரை, வைகாசியில்தான் பறக்க விடச் சொல்வேன். அப்போது புல் காய்ந்திருக்கும், வயலில் தாள்கூட இருக்காது. வேர் ஆழம் போன சீமைக் கருவேலம் மட்டும் கொளுத்தும் வெயிலிலும் பச்சையாக நிற்கும். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். மீதிப் பாதி தீராது. நாட்டுக் கருவை, குடைவேலம், கரையோரப் புளி எல்லாமும் அந்த வெயிலில் பச்சையாகத்தான் நிற்கின்றன. பனை மட்டும் மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி தெரியும், அதில் ஏமாற வாய்ப்பில்லை.

சரி, எப்படிப் பிரிப்பது? இறங்கி நடக்க வேண்டும். நெற்றைப் பார்த்தாலே போதும். நாட்டுக் கருவையின் நெற்று மணி கோத்த மாதிரி விதைக்கு விதை இடுங்கி, மேலே சாம்பல் பூத்திருக்கும். சீமையுடையது மஞ்சளாக நீண்டிருக்கும், அப்படி இடுங்காது. அந்தக் கண்மாயில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கீதாரி இருபதடி தூரத்திலிருந்தே கம்பை நீட்டி, "அது நாட்டுக் கருவை தம்பி, இதுதான் வேலிக்கருவை" என்று பிரித்துக் காட்டினார். சீமைக் கருவேலத்தைத்தான் அப்படிச் சொன்னார். என் மென்பொருளுக்கு அந்தக் கண் இன்னும் வரவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை.

மரம்தானே போனது என்று விட முடியவில்லை. இதே மாவட்டத்துக் காஞ்சிரங்குளத்தில் நாரைகள் கூடு வைப்பது நாட்டுக் கருவையில்தான். அங்கேயும் யாராவது சிவப்புப் பேனாவோடு போய்விடக் கூடாதே.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இலவசம், அதையே வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். தாராளமாக, ஆனால் புதர் அடர்ந்த இடத்தைத் தோராயமாகப் பார்ப்பதற்கு மட்டும். அதில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். அதில் ஒரு கன்றைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். மலைக்காட்டில் மரத்தடியில் மண்டிக் கிடக்கும் இன்னொரு களையான உண்ணிச்செடி (லன்டானா), ட்ரோன் படத்திலும் சிக்காது. மேலிருந்து தெரிவது மரத்தின் தலை மட்டும்தான்.

படம் உண்மையில் உதவும் இடம் வேறு. எல்லோரும் நடுக் கண்மாயின் அடர்ந்த புதரில்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். விறகும் கரிமூட்டமும் அங்கேதான் காசாகும், புரிகிறது. ஆனால் தொடங்க வேண்டியது ஓரத்திலிருந்து. ஆடு மாடு நெற்றைத் தின்று, போகிற வழியெல்லாம் சாணத்தில் விதையைப் போட்டுக்கொண்டே போகும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒற்றையடிப் பாதையை ஒட்டியும் வரத்துக்கால்வாய் நெடுகிலும் புள்ளி புள்ளியாகக் கன்றுகள் தெரியும். இன்று கையால் பிடுங்கிவிடலாம், விட்டால் அடுத்த புதர் அங்கேதான். புதிதாகப் பரவும் இடங்களை முதலில் அடைத்துவிட்டு அப்புறம் நடுவுக்குப் போங்கள்.

தரையோடு வெட்டிவிட்டு 'அகற்றியாச்சு' என்று பில் போடாதீர்கள். அடிக்கட்டை ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும். ஆனால் கண்மாய்க் கரை மேல் நிற்பதை ஜேசிபி விட்டுப் பிடுங்காதீர்கள், மழைக்குக் கரை உடைந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். கரையைப் படத்தில் தனி நிறத்தில் குறித்து, பொறியாளரிடம் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

இன்னொன்று. ட்ரோன் விதிகள் 2021-இல் வந்துவிட்டன. கல்யாண வீட்டு ட்ரோன்காரரைக் கூட்டிவந்து கண்மாய் மேல் பறக்க விடும் பழக்கத்தை நிறுத்துங்கள். எங்கே ட்ரோன் பறக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலமா, மஞ்சளா, சிவப்பா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பது ஊருக்கே தெரியும். பறவைகள் சரணாலயம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் பெட்டியையே திறக்காதீர்கள், கூட்டில் குஞ்சு இருக்கும் மாதங்களில் அனுமதி கேட்கவும் போகாதீர்கள்.

கடைசியாக, கெஞ்சியே கேட்கிறேன். மொத்தப் பணத்தையும் முதல் படத்துக்கும் ஜேசிபி வாடகைக்குமே கொட்டிவிடாதீர்கள். மழை பெய்ததும் மண்ணில் கிடக்கும் விதை முளைக்கும், விட்டுப்போன வேர் துளிர்க்கும். அடுத்த சித்திரையிலும் அதற்கடுத்த சித்திரையிலும் ட்ரோனை அதே உயரத்தில் பறக்க விட்டு மறுபடி படம் எடுக்க ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். அந்தக் கீதாரிக்கும் ஒரு நாள் கூலி போடுங்கள்.