மூன்று ஃபீல்டு டெஸ்டிலும் கறுப்பு விழுந்தால்?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி வந்தார். வயது 24. கன்டெய்னர் யார்டில் இரவு ஷிஃப்ட். கண்ணாடி பவர் மைனஸ் 7. கையிலிருந்த பிளாஸ்டிக் கவரில் மூன்று ஃபீல்டு டெஸ்ட் ரிப்போர்ட். நடு விளக்கையே பார்த்தபடி, சுற்றிலும் மின்னும் வெளிச்சம் தெரிந்தால் பட்டனை அழுத்தும் பார்வைப் பரப்புச் சோதனை இது. பார்வை குறைந்த இடம் தாளில் கறுப்பாக விழும். மூன்றிலும் ஒரே முடிவு: இயல்பு வரம்புக்கு வெளியே. "கிளாக்கோமாவா இருக்கும்னு சொல்றாங்கக்கா. கண்ணு போயிடுமா?" என்று கேட்டார். கிளாக்கோமா என்பது, பெரும்பாலும் கண் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு சேதமாகும் நோய். கூட வந்த அம்மா பேசவே இல்லை, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

வடசென்னையில் கண் பரிசோதகராக வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மூன்று தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்தேன். முதல் தாளில் மேல் ஓரம் மட்டும் கறுப்பு. இரண்டாவதில் நடுவே மட்டும் வெளுத்து, சுற்றிலும் கறுத்து, நாலு இதழ்ப் பூ மாதிரி ஒரு வடிவம். மூன்றாவதில் விளிம்பைச் சுற்றி வளையம். நரம்பில் விழுந்த சேதம் இப்படி மாதத்துக்கு ஓர் இடமாக நகராது. மேல் ஓரக் கறுப்பு பெரும்பாலும் இமை சரிவதால் வருவது. பூ வடிவம், பாதியில் சோர்ந்துபோனவர்களுக்கு வரும். வளையம், கண்ணுக்கு முன் மாட்டும் பவர் லென்ஸின் விளிம்பு மறைப்பது. தலை கொஞ்சம் பின்னால் போனால் உடனே வந்துவிடும்.

"டெஸ்டுக்கு எப்போ போனீங்க தம்பி?" என்று கேட்டேன். மூன்று முறையும் ஷிஃப்ட் முடிந்து நேராகப் போயிருக்கிறார். "ஒரு புள்ளியக்கூட விடக்கூடாதுன்னு பட்டனை அழுத்திட்டே இருந்தேங்கா" என்றார்.

யாரும் இவருக்குச் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த மெஷின் உங்களால் பார்க்க முடிகிற மிக மங்கலான வெளிச்சம் எது என்று ஒவ்வொரு இடத்திலும் தேடுகிறது. அதனால் நல்ல கண்ணுக்கும் ஏறக்குறைய பாதி புள்ளிகள் தெரியாது. தெரியாததை விட்டுவிடுவதுதான் சரி. வழக்கமான சோதனையில் ஒரு கண்ணுக்கு 54 இடங்கள். எல்லோருக்கும் இயற்கையாக உள்ள குருட்டுப் புள்ளியில் நடுநடுவே ஒரு வெளிச்சத்தைப் போட்டுப் பார்க்கும். அதற்கும் பட்டனை அழுத்தினால் பார்வை நடு விளக்கை விட்டு விலகிவிட்டது என்று அர்த்தம். இந்தத் தவறு 20 சதவீதத்தைத் தாண்டினாலோ, வெளிச்சமே போடாதபோது அழுத்துவது 15 சதவீதத்தைத் தாண்டினாலோ, அந்தத் தாளை நான் நம்ப மாட்டேன். இந்த எண்கள் ரிப்போர்ட்டின் மேல் மூலையில் இருக்கும். எல்லோரும் கறுப்புப் படத்தையே பார்க்கிறார்கள்.

கண் அழுத்தம் கூடுதலாக இருந்த 1,636 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் நம்பத்தக்கதாக எடுத்தும் கோளாறு காட்டிய ரிப்போர்ட்களில் சுமார் 86 சதவீதம், மறுபடி எடுத்தபோது உறுதியாகவில்லை. ஒரு தாளை வைத்து யாருக்கும் ஆயுள் முழுக்க மருந்து எழுதக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தம்பியை லீவு நாளில் தூங்கி எழுந்து வரச் சொன்னேன். இமையை லேசாக டேப் போட்டுத் தூக்கினேன். கன்னத்தைத் தாங்கியில் சரியாக வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, "கண்ணைச் சிமிட்டலாம், அவசரம் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே எடுத்தேன். கறுப்பு எல்லாம் போய், மேல் வெளிப்பக்கம் சின்னதாக ஒரு மங்கல் மட்டும் நின்றது. மருத்துவர் பார்த்தபோது பார்வை நரம்பு சாய்ந்து அமைந்திருந்தது. மைனஸ் பவர் அதிகமான கண்ணில் இது உண்டு, மங்கலும் அதற்குப் பொருந்துகிறது. ஆனால் மைனஸ் பவர்காரர்களுக்குக் கிளாக்கோமா வரும் வாய்ப்பும் கூடுதல். எனவே இந்தத் தாள்தான் இனி அவருக்கு அடிப்படை, ஆறு மாதம் கழித்து இதோடு ஒப்பிட வேண்டும். அம்மா அன்றைக்குத்தான் வாய் திறந்தார்: "இவன் நைட் டூட்டிய மாத்தச் சொல்லும்மா."

அப்புறம், இன்னொரு பக்கமும் இருக்கிறது. காசிமேட்டிலிருந்து 20 வயதுப் பெண் ஒருத்தி. இரண்டு டெஸ்டிலும் அதே கண், அதே இடம்: மூக்குப் பக்கம், கீழ்ப்பாதி. கீழே கறுப்பு என்றால் நரம்பின் மேல்பகுதி மெலிந்திருக்க வேண்டும். ஸ்கேனில் அப்படியே இருந்தது. கண் அழுத்தம் 34. சாதாரணமாக 21-க்குள் இருக்க வேண்டியது. வலியில்லை, சிவப்பில்லை. பையிலிருந்து ஒரு சொட்டு மருந்து பாட்டிலை எடுத்தாள், லேபிள் பாதி அழிந்திருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து கண் அரிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுகிறாள். பெயரைப் படித்தேன், டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு.

புழுதியும் புகையும் உள்ள நம் பக்கத்தில் கண் அரிப்பு வீட்டுக்கு வீடு உண்டு. மெட்ராஸ் ஐ சீசனிலும் இதே சொட்டு கைமாறுகிறது. போட்டதும் அரிப்பு அடங்கிவிடும். சிலருக்கோ உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அழுத்தத்தை மருந்தால் குறைக்கலாம், போன பார்வையைத் திருப்ப முடியாது. பிரெட்னிசொலோன், பீட்டாமெத்தசோன் என்று இருந்தாலும் இதே கதைதான். பாட்டிலை மருத்துவரிடம் காட்டாமல் தொடர வேண்டாம்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கறுப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. இரண்டு கண்ணிலும் வெளிப்பாதி மறைந்தால் மூளையடியில் பிட்யூட்டரி சுரப்பியைப் பார்க்க வேண்டும். காசநோய்க்கு எத்தாம்பியூட்டால் சாப்பிடுபவருக்குப் பார்வை மங்கினாலோ நிறம் வெளுத்துத் தெரிந்தாலோ உடனே சொல்ல வேண்டும். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பத்துப் பிள்ளை இருட்டில் தடுமாறினால் விழித்திரையைச் சோதிக்க வேண்டும்.

டெஸ்டுக்கு வரும்போது பழைய தாள்கள் அத்தனையும் கொண்டு வாருங்கள். செல்போனில் எடுத்த கறுப்புப் படம் மட்டும் போதாது, ஓரத்து எண்களும் எனக்கு வேண்டும். வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தால் சொல்லுங்கள். தூங்கி வாருங்கள்.

காசிமேட்டுப் பெண் போன மாதம் தன் தம்பியைக் கூட்டி வந்தாள். எட்டாவது படிக்கிறான், அவனுக்கும் அரிப்பு. அழுத்தம் 16. உள்ளே நுழைந்ததுமே அவள் பையைத் திறந்து அவன் போடும் பாட்டிலை என் மேசையில் வைத்துவிட்டாள்.