பூ உதிரும் குடைமிளகாயும் அது தாங்கும் வெப்பமும்

மட்டக்களப்பு மாவட்டத்தில் விவசாயப் போதனாசிரியராகக் கடமையாற்றும் எனக்கு, சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரங்களில் ஒரே கேள்வி ஆண்டுதோறும் வந்து சேர்கிறது. ஆரையம்பதியில் ஒரு வீட்டு முற்றத்தில், கரும்பச்சை இலைகளோடு செழித்து நின்ற பத்துக் குடைமிளகாய்ச் செடிகளைக் காட்டி, அந்த வீட்டு அம்மா, “பூக்குது மனே, பூத்ததெல்லாம் அப்படியே கொட்டுது. இன்னும் என்ன பசளை போடுற?” என்று கேட்டார். செடிகளின் அடியில் காம்போடு உதிர்ந்த வெள்ளைப் பூக்கள் கிடந்தன. அவர் ஏற்கனவே இரண்டு முறை யூரியா இட்டிருந்தார். பராமரிப்பில் அவர் எந்தக் குறையும் வைக்கவில்லை. நாட்டிய மாதம்தான் பிழைத்திருந்தது.

குடைமிளகாய் என்று நான் இங்கே குறிப்பிடுவது, கடைகளில் ‘பெல் பெப்பர்’ என்ற பெயரில் பச்சை, சிவப்பு, மஞ்சள் நிறங்களில் விற்கப்படும், தடித்த சதையும் காரமற்ற சுவையும் கொண்ட காயையே. நமது சந்தைகளில் நீண்டு வெளிர்பச்சையாக இருக்கும் கறிமிளகாயும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், வெப்பத்தைத் தாங்கும் விடயத்தில் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. காய் எவ்வளவுக்குப் பெரியதோ அவ்வளவுக்கு அந்த வகை வெப்பத்தில் காய் பிடிக்கத் தயங்கும் என்பதை நான் பல வளவுகளில் கண்டிருக்கிறேன். கறிமிளகாய் காய்த்த அதே பாத்தியில் குடைமிளகாய் பொய்த்துப் போவதற்குக் காரணம் இதுவே.

பகல் வெப்பநிலை 32 பாகை செல்சியஸைத் தாண்டும்போதும், இரவு வெப்பநிலை 24 பாகைக்குக் கீழே இறங்காதபோதும், குடைமிளகாயின் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிர்கின்றன. இவற்றுள் இரவின் வெப்பமே கூடுதலாகப் பாதிக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோரத்திலும் மே மாதம் முதல் ஆகஸ்ட் வரை, கச்சான் எனப்படும் உலர்ந்த தென்மேல் காற்று வீசும் காலத்தில், பகல் வெப்பம் 33 பாகையைத் தாண்டுவதும் இரவு 25 பாகையில் நின்றுவிடுவதும் வழமை. அக்காலத்தில் எந்தப் பசளையாலும் பூவைத் தக்கவைக்க முடியாது. யூரியா இடுவது நிலைமையை மேலும் மோசமாக்கும். நைதரசன் மிகும்போது செடி இலையைப் பெருக்குமே தவிர காயைத் தாங்காது. நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளில் பொலித்தீன் கூடாரங்களுக்குள் விளையும் காய்களைக் கண்டு, அதே அளவை நமது வளவில் எதிர்பார்ப்பதும் சரியன்று. நமக்குக் கிடைப்பது சற்றுச் சிறிய காயாகவே இருக்கும். அதில் குறை காண வேண்டியதில்லை.

நமது பகுதியில் இரவு ஏறத்தாழ 23 பாகைக்கு இறங்குவது ஜனவரியிலும் பெப்ரவரியிலும்தான். ஆகவே பூ அந்த இரண்டு மாதங்களுக்குள் விரியும்படி கணக்கிட்டே விதையிட வேண்டும். விதை முளைக்க 8 முதல் 12 நாட்கள் செல்லும். நாற்று நடும் பருவத்தை அடைய மேலும் நான்கைந்து வாரங்கள் வேண்டும். நட்டபின் பூக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். இதைப் பின்னோக்கி எண்ணினால், ஒக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் விதையிட்டு, டிசம்பரில் நாற்றை நட வேண்டும் என்பது தெளிவாகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அதுவே வடகீழ்ப் பருவமழை கொட்டும் காலம். பெரும்பாலோர் “மாரி முடியட்டும்” என்று காத்திருந்து மார்ச் மாதத்தில் நாட்டுவதும், பூக்கும் நேரத்தில் வெப்பத்திடம் அகப்படுவதும் இந்த மழைக்குப் பயந்துதான். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மழையிலிருந்து செடியைக் காப்பது எளிது. வெப்பத்திலிருந்து காப்பது மிகக் கடினம். நான்கு கம்புகளை நட்டு, ஒருபக்கம் சரிவாக ஒளிபுகும் பொலித்தீனை இழுத்துக் கட்டி, பக்கங்களைக் காற்றோட்டமாகத் திறந்து விட்டால் பத்துச் செடிகளுக்குப் போதும். நாற்றுகளை விறாந்தையின் வெளிச்சமான ஓரத்தில் வளர்த்துக்கொள்ளலாம். நாற்றுக் கலவை ஈரம் மிகுந்து கிடந்தால், தண்டு மண்ணோடு தொடும் இடத்தில் அழுகி நாற்று சாய்ந்துவிடும் என்பதால், தும்புத்தூளும் நன்கு மக்கிய கூட்டெருவும் கலந்த, நீர் தேங்காத கலவையையே பயன்படுத்த வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையின் மணல் மண்ணைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். களுவாஞ்சிகுடி, கல்லாறு, கல்முனை, திருக்கோவில் என நீளும் இக்கரையோரத்தில் நீர் மணலில் தங்குவதில்லை. இட்ட பசளையும் நீரோடு கீழே இறங்கிவிடுகிறது. மக்கிய மாட்டெரு அல்லது ஆட்டெரு, கூட்டெரு, உமிக்கரி ஆகியவற்றைத் தாராளமாகக் கலந்து, மேலே வைக்கோல் மூடாக்கு இடாமல் இங்கே குடைமிளகாய் வளர்க்க முற்படுவது வீண் முயற்சி. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் சம்மாந்துறைப் பக்கத்திலும் களிப்பான வயல் மண்ணில் சிக்கல் நேர்மாறானது. அங்கே உயர்த்திய பாத்தி அமைக்காவிட்டால் வேர் மழைநீரில் மூச்சடைத்து மடியும். பொலித்தீன் பைகளில் நடுபவர்கள், குறைந்தது பத்து லீற்றர் கலவை கொள்ளும் பையைத் தெரிவு செய்ய வேண்டும். கறுப்புப் பை வெயிலில் சூடேறி வேரைச் சுடும் என்பதால், பையின் பாதியை மணலில் புதைத்தோ அல்லது சாக்கினால் சுற்றியோ வைப்பது பெரிதும் உதவும்.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் கிணற்று நீரின் உவர்த்தன்மையையும் கவனிக்க வேண்டும். குடைமிளகாய் உப்பைத் தாங்காத பயிர். மாரியில் நல்ல நீராக இருக்கும் கிணறு, மழை நின்று சில மாதங்களில் உவர்ப்பாக மாறக்கூடும். இலை ஓரங்கள் கருகத் தொடங்கினால் நோய் என்று எண்ணிப் பீடைநாசினி தெளிப்பதற்கு முன், நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். குழாய் நீர் அல்லது சேகரித்த மழைநீர் இருந்தால் அதையே இப்பயிருக்கு ஒதுக்குவது நல்லது.

நீர் ஊற்றுவதில் ஒழுங்கு தவறும்போது தோன்றும் மற்றொரு கோளாறு, காயின் நுனியில் கறுத்து உள்வாங்கும் அழுகல். இதைப் பங்கசு நோய் என நினைத்து மருந்தடித்த பலரைச் சந்தித்திருக்கிறேன். கல்சியம் காயின் நுனிவரை சென்று சேராமையே இதற்குக் காரணம். கல்சியம் நீரோடுதான் செடிக்குள் பயணிக்கிறது. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வாளி வாளியாக ஊற்றினால், மண்ணில் கல்சியம் இருந்தும் காய்க்குக் கிடைக்காது. முட்டைக்கோதை நொறுக்கிப் போடுவதில் தவறில்லை. ஆனால் அது மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும் என்பதால் இந்தப் போகத்துக் காய்க்கு உடனடியாக உதவாது. மணல் மண்ணில் காலையும் மாலையும் சிறிதளவாக ஊற்றுவதே உண்மையான தீர்வு.

இலை சுருளும்போது அது எத்திசையில் சுருளுகிறது என்பதை முதலில் பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கி வள்ளம் போல் மடிந்தால் பனிப்பூச்சி. கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் பெரும்பாலும் சிற்றுண்ணி. 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லீற்றர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடித்து, சில துளி சவர்க்காரக் கரைசல் சேர்த்து, மாலை வேளையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிப்பது, ஆரம்ப நிலையில் இரண்டையும் கட்டுப்படுத்தப் பெரும்பாலும் போதும். செழித்து நின்ற செடி மஞ்சளாகாமலே திடீரென வாடினால், அடித்தண்டை வெட்டி ஒரு கண்ணாடிக் குவளை நீரில் தொங்கவிடுங்கள். பால் போன்ற இழை இறங்கினால் அது பற்றீரியா வாடல். அச்செடியை வேரோடு அகற்றி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் எதையும் அடுத்து நடக்கூடாது. மேலும் விளக்கம் தேவைப்படுவோர் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

கடையில் வாங்கிய காயின் விதையை எடுத்து நடலாமா என்றும் கேட்கிறார்கள். பச்சைக் காயின் விதை முற்றாதது, முளைப்பது அரிது. நன்கு சிவந்த காயின் விதை முளைக்கும். ஆனால் அக்காய்களிற் பெரும்பாலானவை கலப்பின வகை என்பதால் அடுத்த தலைமுறை தாயைப் போல் அமையும் என்று நம்ப முடியாது. வேலியோரம் கொச்சிக்காய் நின்றால் குடைமிளகாய் காரமாகிவிடும் என்ற அச்சம் தேவையற்றது. மகரந்தம் கலந்தாலும் இந்த ஆண்டுக் காயின் சுவை மாறாது. அதன் விதையிலிருந்து வளரும் செடியில்தான் காரம் தலைகாட்டும்.

நட்டு ஏறத்தாழ இரண்டரை மாதங்களில் காய் பச்சையாக முற்றும். சிவக்க விடுவதென்றால் மேலும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் பொறுக்க வேண்டும். பொறுப்பதால் பலன் உண்டு: 100 கிராம் பச்சைக் காயில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் விற்றமின் சி இருக்க, சிவந்த காயில் அது ஏறத்தாழ 128 மில்லிகிராமாக இருக்கிறது. நிறம் பாதி ஏறிய காயைப் பறித்து வீட்டுக்குள் வைத்தால் மீதி நிறமும் ஏறும். முழுப் பச்சையாகப் பறித்தது சரியாகப் பழுக்காது. கிளைகள் எளிதில் முறிபவை என்பதால், கையால் இழுக்காமல் கத்தியால் காம்போடு வெட்ட வேண்டும். அதையும் வெயில் ஏறுமுன் செய்துவிட வேண்டும், ஏனெனில் உச்சிவெயிலில் பறித்த காய் தன்னுள் அடக்கிய சூட்டோடு வீட்டுக்குள் வந்து விரைவாகச் சுருங்கும்.

செடியில் வெப்பத்துக்கு அஞ்சும் இந்தக் காய், பறித்த பின் குளிருக்கும் அஞ்சுகிறது. இதைத்தான் பலர் அறிவதில்லை. 7 முதல் 10 பாகையில், ஈரப்பதம் மிகுந்த காற்றில் இரண்டு மூன்று வாரங்கள் கெடாமல் இருக்கும் காய், நமது வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியின் 4 பாகையில் ஒரு வாரத்துக்கு மேல் கிடந்தால் தோலில் சிறு குழிகள் விழுந்து, காம்புத் தொப்பி பழுப்பாகி, உள்ளே விதைகள் கறுத்துவிடும். ஆகவே கழுவாமல், ஈரமின்றித் துடைத்து, தாளில் சுற்றி, துளையிட்ட பையில் போட்டு, குளிர் குறைந்த மரக்கறித் தட்டில் வைத்து, ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் சமைத்துவிடுங்கள். இறுகக் கட்டிய சொப்பிங் பையில் வியர்த்துக் கிடக்கும் காய் அதற்கு முன்பே அழுகும். குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீட்டில், பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானையை வைத்து, இடைவெளியை ஈரமணலால் நிரப்பி, காற்று வீசும் நிழலில் வைக்கலாம். நீர் ஆவியாகும்போது உட்பானை குளிர்கிறது. கச்சான் வீசும் உலர்ந்த நாட்களில் இது நன்றாக வேலை செய்யும். மாரிக்கால ஈரக் காற்றில் அவ்வளவாகப் பயன் தராது.

ஒரே நேரத்தில் காய் மிகுந்துவிட்டால், விதை நீக்கி நறுக்கி, தட்டில் பரப்பி உறையவைத்து, பின் பையில் அடைத்துப் பிரீசரில் வைக்கலாம், அவித்தெடுக்கத் தேவையில்லை. உறைந்தது மொறுமொறுப்பை இழப்பதால் கறிக்கு மட்டுமே உதவும். வெயிலில் உலர்த்துவதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் இந்தத் தடித்த சதை கடற்கரையின் ஈரக் காற்றில் காயுமுன் பூஞ்சணம் பிடிக்கிறது.

வினாகிரியில் ஊறவைப்பவர்கள், வினாகிரியின் அளவை மிஞ்சித் தண்ணீர் சேர்க்காமல் போத்தலைக் குளிர்சாதனப்பெட்டியிலேயே வைக்க வேண்டும். சுட்ட குடைமிளகாயை எண்ணெயில் அமிழ்த்திப் போத்தலில் அடைத்துச் சமையலறைத் தட்டில் வைக்கும் முறை இப்போது காணொளிகளில் பரவியிருப்பது எனக்கு உண்மையிலேயே கவலையளிக்கிறது. அமிலம் குறைந்த இக்காய், காற்றுப் புகாத எண்ணெய்க்குள் அறை வெப்பத்தில் கிடக்கும்போது, பொட்டுலிசம் என்னும் உயிராபத்தான நோய்க்குக் காரணமான நச்சை உண்டாக்கும் பற்றீரியா அதில் வளரக்கூடும். மணமும் நிறமும் மாறாமலே அது நஞ்சாகியிருக்கலாம். அப்படி ஒரு போத்தல் உங்கள் வீட்டுத் தட்டில் இருந்தால், ருசி பார்த்து உறுதி செய்ய முற்படாமல், பிள்ளைகளும் கோழிகளும் எட்டாத ஆழத்தில் மண்ணில் புதைத்துவிடுங்கள்.